கல்லூரி மாணவர்களும் எச். பைலோரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வயிற்றில் கிருமி" என்கிறார்களே, அது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வரும் வயிற்றுப்போக்குதானே?

இல்லை, இரண்டும் வேறு. விடுதியில் ஒரே இரவில் இருபது பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் அது பெரும்பாலும் உணவாலோ தண்ணீராலோ வந்த குடல் தொற்று. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர், நோரோவைரஸ் என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். அநேகமாகச் சில நாட்களில் அடங்கிவிடும்.

இங்கே பேசப்போவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பற்றி. சுருக்கமாக எச். பைலோரி. இரைப்பையின் உள்சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் குடியேறும். மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். வந்த நாளும் தெரியாது, இருப்பதும் தெரியாது. அதனால்தான் "எத்தனை மாணவர்களுக்கு இருக்கிறது" என்ற கேள்விக்குச் சோதித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடிவதில்லை.

சரி, எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலகம் முழுமைக்கும் ஒரே எண் கிடையாது. எந்த நாடு, எந்த ஆண்டில் பிறந்தவர்கள் என்பதைப் பொறுத்து அது பத்தில் ஒருவருக்கும் கீழே இருக்கலாம், பாதிக்கு மேலேயும் போகலாம்.

முதலில் பொது மக்கள்தொகையைப் பார்ப்போம். 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 2015இல் உலகில் சுமார் 440 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருந்ததாகக் கணக்கிட்டது. பாதிப் பேருக்கும் மேல். அதே ஆய்வில் நைஜீரியா 87.7% என்று உச்சத்திலும் சுவிட்சர்லாந்து 18.9% என்று அடியிலும் இருந்தன. இந்த இரு நாடுகளின் மாணவர்களை அருகருகே வைத்து "மாணவர்களிடம் சராசரியாக இவ்வளவு" என்று சொன்னால் அந்தச் சராசரி இரு தரப்பையுமே குறிக்காது.

பொதுவாக ஒன்று சொல்லலாம்: பெரும்பாலான நாடுகளில் மாணவர்களின் விகிதம் அவர்களுடைய பெற்றோரின் விகிதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். காரணம் வயது அல்ல, பிறந்த ஆண்டு.

பிறந்த ஆண்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் சிறுவயதில், குறிப்பாகப் பத்து வயதுக்குள், தொற்றுகிறது. தாயிடமிருந்து, கூடப் பிறந்தவர்களிடமிருந்து, ஒரே படுக்கையில் நெருக்கியடித்துத் தூங்கும் வீட்டில், குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில். நாட்டில் சுகாதாரம் மேம்பட மேம்பட ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் குறைவான கிருமியோடு வளர்கிறது.

இதைக் கண்ணாடி போலக் காட்டுவது ஜப்பான். அங்கே செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 1940இல் பிறந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. 1970இல் பிறந்தவர்களில் 35 சதவீதம். 2000இல் பிறந்தவர்களில் 7 சதவீதம் கூட இல்லை. தாத்தா, அப்பா, கல்லூரியில் படிக்கும் பிள்ளை என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்தினால் எண் இப்படி இறங்குகிறது.

வயதானவர்களிடம் அதிகமாக இருப்பதைப் பார்த்து "வயது ஏற ஏறத் தொற்றிக்கொண்டே போகிறது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பெரும்பகுதி அப்படியல்ல. எழுபது வயதுக்காரரின் வயிற்றில் இன்று இருப்பது அவர் ஐந்து வயதில் வாங்கியது.

அப்படியானால் விடுதிச் சாப்பாட்டின் மேல் பழி போடக்கூடாதா?

விடுதிச் சாப்பாட்டைத் திட்ட வேறு நூறு காரணங்கள் இருக்கலாம். இதற்காகத் திட்டினால் அநேகமாக அநியாயம்தான். பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும்போதே கிருமி இருப்பவருக்கு இருக்கிறது, இல்லாதவருக்கு இல்லை. ஒரு வகுப்பில் இருப்பவர்களைச் சோதித்து வரும் சதவீதம், அந்தக் கல்லூரியின் சமையலறையைப் பற்றிச் சொல்வதைவிட, அந்த மாணவர்கள் குழந்தையாக இருந்த வீடுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

பெரியவர்களுக்குத் தொற்றவே தொற்றாது என்பதும் சரியல்ல. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் இந்தப் பாக்டீரியாவை வளர்த்த கரைசலைத் தானே குடித்துக் காட்டினார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபியில், அதாவது வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பை அழற்சி. அவர் அப்போது முப்பதைத் தாண்டியவர். ஆனால் ஒரு குவளை நிறையக் கோடிக்கணக்கான பாக்டீரியாவைக் குடிப்பது வேறு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. தொற்று குறைவான நாடுகளில் பெரியவர்கள் புதிதாகத் தொற்றிக்கொள்வது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சுகாதாரம் மோசமான இடங்களில் இது கூடும்.

அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1982இல் பெர்த் நகரில் மார்ஷலும் நோயியல் நிபுணர் ராபின் வாரனும் நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து இதை வளர்க்க முயன்றபோது தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டுகளை எறிந்துவிடுவார்கள். ஈஸ்டர் விடுமுறையில் கவனிக்க ஆளில்லாமல் சில நாட்கள் கூடுதலாகக் கிடந்த தட்டில்தான் பாக்டீரியா தெரிந்தது. அது மெதுவாக வளரும் ரகம், அவ்வளவுதான் விஷயம். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிழைக்கும் வித்தை யூரியேஸ் என்ற நொதியில் இருக்கிறது. இரைப்பையில் இயல்பாகவே இருக்கும் யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை கொண்டது. பாக்டீரியாவைச் சுற்றி அமிலத்தைத் தணித்துவிடும். அந்த இடைவெளியில், திருகு போன்ற உடலைச் சுழற்றிக்கொண்டு, சளிப் படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே அமிலம் குறைவு.

இந்த வித்தையே அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. எண்டோஸ்கோபியின்போது கிள்ளி எடுத்த அரிசிமுனை அளவு திசுவை, யூரியா கலந்த ஒரு மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அம்மோனியா உண்டாகி, திசுவைச் சுற்றி முதலில் ஒரு ரோஜா நிற வளையம் தெரியும்; பிறகு ஜெல் முழுவதும் சிவக்கும். சில நேரம் நோயாளி மயக்கம் தெளிந்து உட்காருவதற்குள்ளேயே நிறம் மாறிவிடும். பரிசோதனைக்கூடத்தில் இவ்வளவு அழகாகக் குற்றவாளி தானே ஒப்புக்கொள்ளும் காட்சி அதிகமில்லை.

ஒரே நாட்டு மாணவர்களைப் பற்றி ஒரு ஆய்வு 14% என்கிறது, இன்னொன்று 22% என்கிறது. எது உண்மை?

இரண்டும் தவறாகவும் இருக்கலாம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் பற்றிய எண்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

ஒரு கல்லூரியில் 1000 மாணவர்கள், அவர்களில் உண்மையாகவே தொற்று உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10%. இப்போது செலவு குறைந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்கிறோம். தொற்று உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். தொற்று இல்லாத 100 பேரில் 85 பேரை மட்டும் சரியாக "இல்லை" என்று விடுவிக்கும். கணக்குப் போடுங்கள். தொற்று உள்ள 100 பேரில் 90 பேர் பாசிட்டிவ். தொற்றே இல்லாத 900 பேரில் 135 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 225 பேர். ஆய்வில் "22.5%" என்று அச்சாகும். உண்மையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிருமியே இல்லை.

அதே 1000 பேருக்கு, இரு பக்கமும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் மூச்சுப் பரிசோதனையைச் செய்தால்? 95 பேரும் 45 பேருமாக 140. "14%" என்று வரும். இன்னும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பக்கத்தில் வந்துவிட்டோம்.

கவனிக்க வேண்டியது, தொற்று அரிதாக இருக்கும் கூட்டத்தில்தான் இந்தப் பிழை பூதாகரமாகிறது. அதே ரத்தப் பரிசோதனையைப் பாதிப் பேருக்குத் தொற்றுள்ள கூட்டத்தில் செய்தால் 50% என்பது 52.5% ஆகத் தெரியும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மாணவர்கள் இளையவர்கள், தொற்று குறைவு. ஆகவே மோசமான சோதனையால் அதிகம் ஏமாற்றப்படுவதும் அவர்களைப் பற்றிய எண்தான்.

சோதனை தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

யாரைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். "இலவசப் பரிசோதனை, விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று அறிவித்தால் வயிற்று எரிச்சல் உள்ளவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். மருத்துவ மாணவர்களை மட்டும் எடுத்திருந்தால் அவர்கள் குடும்பப் பின்னணி மற்ற மாணவர்களுடையதிலிருந்து வேறுபடலாம். வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்கள் தங்கள் ஊரின் விகிதத்தைச் சுமந்து வருகிறார்கள்; அவர்களைச் சேர்த்தார்களா, தனியாகப் பிரித்தார்களா என்பது எண்ணையே மாற்றும்.

அளவும் முக்கியம். 200 பேரில் 50 பேர் பாசிட்டிவ் என்றால் 25% என்று எழுதுவார்கள். தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அது 19 முதல் 31 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடிக்கடி நெஞ்செரிச்சலும் வயிறு உப்புசமும் இருக்கிறது. இது எச். பைலோரிதானா?

இருக்கலாம். ஆனால் அதையே முதல் சந்தேகமாக வைக்க வேண்டாம். மாணவ வயதில் இந்தத் தொந்தரவுகளுக்கு வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன: காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவு பன்னிரண்டுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுப்பது, அமில எதுக்களிப்பு, புகை, மது, தேர்வுப் பதற்றம், எந்தச் சோதனையிலும் குறை தெரியாத செயல்பாட்டு அஜீரணம்.

பலர் மறந்துவிடும் ஒன்று வலி மாத்திரை. தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வார்கள். இவை கிருமி இல்லாமலே புண் உண்டாக்கும். கிருமியும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல.

நெஞ்செரிச்சல் மட்டும், அதாவது புளிப்பு மேலே ஏறுவது, எச். பைலோரியின் அடையாளம் அல்ல. மேல்வயிற்றில் நீடிக்கும் வலி, பசி நேரத்திலோ நள்ளிரவிலோ எழுப்பும் வலி என்றால் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அதேபோல, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப இரும்புச்சத்து குறைகிறது, மாத்திரை எடுத்தும் ஏறவில்லை என்றாலும் மருத்துவரிடம் இந்தக் கிருமியைப் பற்றிக் கேளுங்கள். வயிறு வலிக்காமல் ரத்தசோகை மட்டும் காட்டும் ஆட்கள் உண்டு.

எதற்கும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், முயலாமலே எடை குறைவது, விழுங்க முடியாமை, நிற்காத வாந்தி. இவை இருந்தால் மூச்சுப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மன அழுத்தத்தாலும் காரத்தாலும் அல்சர் வரும் என்கிறார்களே?

மார்ஷலுக்கும் வாரனுக்கும் முன்பு எல்லோரும் சொன்னது அதைத்தான். இன்று தெரிந்தவரை, பெரும்பாலான இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்கு இந்தப் பாக்டீரியாவோ மேலே சொன்ன வலி மாத்திரைகளோ காரணம். காரம் இருக்கிற புண்ணை எரிய வைக்கும். பதற்றம் அஜீரணத்தைக் கூட்டும். தேர்வு வாரத்தில் வயிறு வலிப்பது பொய் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அல்சர் என்று பெயர் வைப்பதுதான் தவறு.

கிருமி இருந்தால் கண்டிப்பாக அல்சர் வருமா? புற்றுநோய்?

தொற்று உள்ள எல்லோருக்கும் நுண்நோக்கியில் பார்த்தால் இரைப்பை அழற்சி இருக்கும். ஆனால் புண் வருவது வாழ்நாளில் நூற்றில் பத்து, பதினைந்து பேருக்கு. இரைப்பைப் புற்றுநோய் ஒன்று முதல் மூன்று பேருக்கு. அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. அந்தச் செய்தியை மட்டும் இணையத்தில் படித்துவிட்டு இருபது வயதில் தூக்கத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. ஆனால் இருபது வயதில் ஒழித்துவிட்டால், இரைப்பைச் சுவர் நிரந்தரமாகத் தேய்வதற்கு முன்பே ஒழித்ததாகிறது; லாபம் அங்கேதான். இந்தக் காரணத்துக்காகத்தான் ஜப்பானின் சாகா மாகாணத்தில் 2016 முதல் நடுநிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கே சோதனை செய்கிறார்கள்.

மூச்சுப் பரிசோதனை எப்படி இருக்கும்? வலிக்குமா?

ஊதத் தெரிந்தால் போதும். வெறும் வயிற்றில் போக வேண்டும். முதலில் ஒரு பையிலோ குழாயிலோ ஊதச் சொல்வார்கள். பிறகு கார்பன்-13 கலந்த யூரியாவை, பெரும்பாலும் புளிப்பான ஒரு பானத்தில், குடிக்கக் கொடுப்பார்கள். அரை மணி நேரம்போல சும்மா உட்கார வேண்டும். மறுபடியும் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்திருக்கும். அந்தக் கார்பன்-13 ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். கார்பன்-13 கதிர்வீச்சு இல்லாத வகை.

சொல்லாமல் விட்டால் முடிவைக் கெடுக்கும் இரண்டு விஷயங்கள்: ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் போக வேண்டும். இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடந்து "இல்லை" என்று பொய் சொல்லும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரையும் கணக்கில் சேரும். மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதத் துணுக்கு, பார்க்கும் சோதனையும் நம்பகமானது, இதே விதிகள்தான்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம், பார்ப்பது, கிருமி முன்பு இருந்ததா இப்போது இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. ஒழித்த பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், பாசிட்டிவாகவே இருக்கும்.

அறைத் தோழனுக்கு இருக்கிறது. எனக்கும் ஒட்டுமா? முத்தத்தால் பரவுமா?

ஒரே அறையில் இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். வாய் வழியாக, வாந்தி வழியாக, மலம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று தெரியும். இவற்றில் எது எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. கணவன் மனைவிக்குள் பரவுவதைப் பற்றிய ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பல் துலக்கும் பிரஷைப் பகிராதீர்கள், கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வாந்தி எடுத்தவருக்கு உதவினால் கையை நன்றாகக் கழுவுங்கள். இவை எப்படியும் செய்ய வேண்டியவை. தோழனுக்குத் தனித் தட்டு, தனி மேசை என்று ஒதுக்குவது அசிங்கம், அவசியமும் இல்லை.

பாசிட்டிவ் வந்துவிட்டது. ஆனால் இரண்டு வாரத்தில் தேர்வு. சிகிச்சையை உடனே ஆரம்பிக்க வேண்டுமா?

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை, புண் இருப்பதாகவும் சொல்லவில்லை என்றால், பத்து வருடமாக இருந்த கிருமி இன்னும் மூன்று வாரம் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. மருத்துவரிடம் தேர்வுத் தேதியைச் சொல்லுங்கள். அரைகுறையாக நிறுத்துவதைவிடத் தள்ளிப் போடுவது எவ்வளவோ மேல்.

ஏன் என்றால் சிகிச்சை லேசானதல்ல. இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது நான்கு மருந்துகள் சேர்ந்த 14 நாள் வைத்தியம்: அமிலக் குறைப்பு மாத்திரை, பிஸ்மத் என்ற உலோக உப்பு, டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாடிக். ஒரு நாளைக்குப் பத்து மாத்திரைக்கு மேல் போகும். வாயில் நாள் முழுக்க உலோகக் கசப்பு. குமட்டல் வரலாம். பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும். முன்கூட்டியே தெரியாவிட்டால் ரத்தம் என்று பதறிப்போவீர்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடு சேர்த்து விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. புகை பிடித்தால் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு கூடும்.

எட்டாம் நாள் "இப்போது நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிறுத்துபவர்களிடம் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா, அந்த மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். முன்பு சர்வசாதாரணமாகக் கொடுத்த கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பல நாடுகளில் பலிக்காமல் போனதற்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிதான் காரணம். வேறு நோய்க்கு முன்பு கிளாரித்ரோமைசினோ அசித்ரோமைசினோ எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசி மாத்திரை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடியும் ஊதிப் பார்க்க வேண்டும். அதற்குள் விடுமுறை தொடங்கிவிடும், ஊருக்குப் போய்விடுவீர்கள், மறந்தும்விடும். அதனால் முதல் மாத்திரையை விழுங்கும் அன்றே அந்தத் தேதியை எண்ணி, தொலைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள்.